ஜாஸ்தி பாய் அனுப்பிய கோதுமை மாவு

உலகத்தில் தனக்குத் தெரியாத மொழி என்று ஒன்று இருக்கிறது என்பதை நெடுங்காலம் ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர் கடலூரில் உண்டு. அவர்தான் ஜாஸ்தி பாய். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். வளைகுடாவில் பல வருடம் கடை வைத்திருந்துவிட்டு, திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் சூட்கேஸ் கடை போட்டவர். வெயில் ஜாஸ்தி, கூட்டம் ஜாஸ்தி, டீயில் இனிப்பு ஜாஸ்தி. அவர் வாயில் எதுவும் அளவாக இருந்து நான் கேட்டதில்லை. பேரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அவருக்கு எல்லா மொழியும் தெரியும். ஒரு சூட்கேஸை விற்க எவ்வளவு தேவையோ அவ்வளவு. 'பார், பிடி, சக்கரம் நல்ல சக்கரம், இதுக்குமேல குறைக்க முடியாது' என்பதை அரபியிலும் மலாயிலும் வங்காளத்திலும் சொல்லுவார். ஒருமுறை புதுச்சேரியிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சிதம்பரத்துக்கு வழி கேட்டார். பாய் அவருக்குப் பிரெஞ்சிலேயே விரிவாக விளக்கம் சொல்லி, பஸ்ஸும் ஏற்றிவிட்டார். அந்த மனிதர் நடராஜரைத் தேடிப் பண்ருட்டி பலாப்பழ மண்டியில் போய் இறங்கினார். விஷயம் தெரிந்ததும் பாய் அசரவில்லை. "அந்தாளு பிரெஞ்சு சரியில்லம்மா" என்றார்.

என்னிடம் ஏன் சொன்னார் என்றால், மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் நான் அப்போதும் இப்போதும் கவுன்சிலர். குழந்தைகளிடம் பேசி மனம் தேற்றுவது என் வேலை. பாய் அந்த இல்லத்தின் உபகாரி. பெருநாளைக்குப் பிரியாணி, பள்ளிக்கூடம் திறந்தால் பை, நினைத்துக்கொண்டால் ஐஸ்கிரீம். கவுன்சிலர் என்றால் அவருக்கு நகராட்சிதான். எவ்வளவு விளக்கியும் இன்றுவரை என்னைக் 'கவுன்சிலரம்மா' என்றே அறிமுகப்படுத்துகிறார். அதனால் எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னிடம் சாக்கடை அடைத்திருப்பதைப் பற்றிச் சொல்லுவார்.

அந்தச் சமயத்தில்தான் மைனா வந்தாள்.

ஏழு வயது இருக்கும். சிதம்பரம் பக்கம் கட்டட வேலைக்கு வந்த ஒரு வடமாநிலப் பெண், காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இறந்துபோனாள். கூட இருந்த குழந்தையை அதிகாரிகள் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். பேர் கேட்டபோது ஏதோ மெல்லச் சொன்னாள். 'மைனா' என்று எங்கள் காதில் விழுந்தது. அழகான பேர் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டோம். ஓர் இந்தி டீச்சரை வரவழைத்துப் பேசச் சொன்னோம். மைனா பதில் பேசவில்லை. 'இந்தி தெரியும், கூச்சப்படுகிறாள்' என்று முடிவுகட்டினோம். முடிவுகட்டியவள் நான்தான், அதுதானே என் வேலை.

அவளைப் பார்த்ததும் பாய்க்கு மனசு இளகிவிட்டது.

"கவுன்சிலரம்மா, வடக்கத்திப் புள்ளைக்கி நம்ம சோறு ஒத்துக்காதும்மா. வவுறு ஊதிரும். அதுங்களுக்குக் கோதுமதான். நா அனுப்புறன்."

மறுநாளே ஆட்டோவில் மூட்டை மூட்டையாகக் கோதுமை மாவு இறங்கியது. எங்கள் சமையல்கார அக்காவுக்குச் சப்பாத்தி பழக்கமில்லை. அவர் சுட்டது செருப்புக்கு அடித்தோல் போடலாம் போல இருந்தது. ஆனாலும் நாங்கள் பெருமைப்பட்டோம். நாற்பது பிள்ளைகள் சோறும் சாம்பாரும் தின்னும் கூடத்தில் ஒரே ஒரு தட்டில் மட்டும் சப்பாத்தி. அந்தப் பிள்ளையின் பழக்கத்தை மதித்து நடக்கிறோம் என்று, பார்க்க வந்த அதிகாரிகளிடமெல்லாம் அந்தத் தட்டைக் காட்டினோம்.

மைனா சப்பாத்தியைப் பிய்ப்பாள். பக்கத்துத் தட்டைப் பார்ப்பாள். "தாகா" என்பாள்.

"பாவம், தாகமாம்" என்று சமையல்கார அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். அவள் பேசிய முதல் தமிழ் வார்த்தை என்று எங்களுக்குப் பூரிப்பு வேறு. குடித்துவிட்டு மறுபடியும் "தாகா" என்பாள். மறுபடியும் தண்ணீர். டம்ளர் சொம்பானது. விஷயம் கேள்விப்பட்ட பாய், தண்ணீர் சுத்தப்படுத்தும் மிஷின் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். அப்போதும் தாகம் தீரவில்லை. அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

"தாகம் ஜாஸ்தியா இருக்குது, ஆளு எளைக்குது. சுகரும்மா இது" என்றார் பாய். "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். சிரிப்பதற்காக நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விரலில் ஊசி குத்தினார்கள். அவள் அழக்கூட இல்லை. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

பக்கத்தில் உட்காரும் செல்வி என்ற பெண் ஒருநாள் தன் தட்டிலிருந்து ஓர் உருண்டைச் சோற்றை மைனாவின் கையில் வைத்தாள். அக்கா பார்த்துவிட்டார். "அடியே, அதுக்கு ஒத்துக்காது, வாந்தி எடுக்கும்" என்று செல்வியை அதட்டி, சோற்றைத் திரும்ப எடுத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சுகர் இல்லை என்று ஆனதும் பாய்க்குச் சந்தேகம் வந்தது. இது தாகமல்ல, வேறு ஏதோ பாஷை என்றார். கூடத்தில் மைனாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் அவளுக்கு சூட்கேஸ் விற்றுப் பார்த்தார். முதலில் மராத்தி என்றார். பிறகு குஜராத்தி. பிறகு நேபாளி. அவள் அவருடைய தாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாய், தெரியலையா?"

"பாஷை தெரியுது. ஸ்லாங்குதான் புடிபட மாட்டேங்குது."

ஆனால் அவர் விடவில்லை. அவள் பேசியதைத் தம் போனில் பதிவு செய்துகொண்டார். "அந்தப் புள்ள எந்த ஊர்ல வந்து எறங்குச்சோ, அங்கதான் அந்த பாஷையும் எறங்கியிருக்கும். வாங்க, சிதம்பரம் ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றார். இல்லத்துக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் அனுமதி கேட்டால் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை, என் சொந்த வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

என் வாழ்க்கையில் அன்றைக்குப் பட்ட மாதிரி நான் கூச்சப்பட்டதில்லை. ரயிலிலிருந்து முதுகுப்பையோடு இறங்கியவர்களையெல்லாம் பாய் வழிமறித்தார். பேசாமல் போனை நீட்டி அவர்கள் காதில் வைத்தார். "தாகா" என்றது போன். ஹைதராபாதிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தது. சிவந்த நிறத்தில் ஓர் இளைஞன், "சார், நான் நெய்வேலி சார்" என்று கெஞ்சினான். ஒருவர், போன் விற்கிறார் என்று நினைத்து விலை கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று, இவரை எனக்குத் தெரியாது என்பது போல டைம்டேபிள் படித்தேன்.

ரயில்வே போலீஸ்காரர் வந்தார். குழந்தைக் குரலைப் பதிவு செய்துகொண்டு அலையும் தாடிக்காரரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். பாய் திரும்பி நேராக என்னைக் கைகாட்டினார்.

"நான் தனியா வரல சார். கவுன்சிலரம்மா கூட வந்திருக்கன்."

போலீஸ்காரர் விறைப்பாக நின்றார். எந்த வார்டு என்று கேட்டார். நான் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கவுன்சிலர் என்றால் அந்தக் கவுன்சிலர் இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் பிளாட்பாரமே எங்களை வேடிக்கை பார்த்தது.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒரு பெண் இருந்தாள். பேர் சுமி என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஜார்க்கண்ட்காரி. கிள்ளைப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் புருஷனோடு வேலை செய்கிறவள். ஊருக்குப் போகிற தங்கையை ரயிலேற்ற வந்திருந்தாள். நாங்கள் அவளிடம் போகவில்லை. அவள்தான் போனிலிருந்து வந்த குரலைக் கேட்டுக் கிட்டே வந்தாள்.

"இன்னொரு தடவ வைங்க" என்றாள், பண்ணையில் கற்ற தமிழில்.

பாய் வைத்தார். அவள் சிரித்தாள். "எங்க பேச்சு. சந்தாலி."

"என்னாம்மா சொல்லுது?"

"சோறு. பாப்பா சோறு கேக்குது."

அவள் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"சோறு ஏன் குடுக்கல?"

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எங்கள் இல்லத்தில் அரிசிக்குப் பஞ்சமா என்று அவளுக்கு நினைப்பு. பாய் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவளுடைய போன் நம்பரை நான்தான் வாங்கினேன்.

பஸ்ஸில் திரும்பினோம். சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது பாய் வழக்கமாக, "நாத்தம் ஜாஸ்தி" என்று மூக்கைப் பொத்துவார். அன்று ஜன்னல் வழியே முகத்தை வெளியே வைத்துக்கொண்டே வந்தார். மஞ்சக்குப்பத்தில் இறங்கியதும் மைதானத்து ஓரமாக நின்றுவிட்டார்.

"நீங்க போய் சொல்லுங்கம்மா. எனக்கு அந்தப் புள்ள முன்னாடி நிக்க மூஞ்சி இல்ல."

"நான் மட்டும் என்ன பாய், எனக்கு இருக்கா?"

"உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க. நீங்க போய்த்தான் ஆவணும்."

போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். மைனாவின் தட்டிலிருந்த சப்பாத்தியை எடுத்துவிட்டுச் சோறு போட்டேன். அவள் உடனே தொடவில்லை. சமையல்கார அக்காவை ஒருமுறை பார்த்தாள், யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று. பிறகு குனிந்தாள். சாம்பாருக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். செல்வி மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் அப்பவே குடுத்தேன் மிஸ். நீங்கதான் சும்மா நின்னீங்க."

பாய் அதற்குப் பிறகு இல்லத்துப் பக்கமே வரவில்லை. வாரங்கள் ஓடின. ஒருநாள் கடைக்குப் போனேன். வங்காளத் தொழிலாளி ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தமிழில், "பாருங்க, புடிச்சா எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றார். வாயில் வங்காளம் வரவில்லை.

"ஞாயித்துக்கெழம சுமி வர்றா, பாய். கண்காணிப்பாளர் அம்மாவே அனுமதி குடுத்துட்டாங்க. என்னைய நல்லா திட்டிட்டுத்தான் குடுத்தாங்க. நீங்களும் வாங்க. இன்னொண்ணு, அந்தப் புள்ள பேரு மைனா இல்லியாம். மைனோவாம். சுமி போன்ல பேசினப்போ சொல்லிச்சாம்."

"பேரும் தப்பாம்மா?" என்று அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசற்படியிலேயே செருப்பை விட்டுவிட்டு, கூடத்தின் கடைசியில் தரையில் உட்கார்ந்தார். சுமியைக் கண்டதும் மைனோ பேச ஆரம்பித்தாள். கூச்ச சுபாவம் என்று நான் முடிவுகட்டிய அந்தக் குழந்தை மூச்சு விடாமல் பேசினாள். அம்மாவைப் பற்றி, ஊரில் இருக்கும் அத்தையைப் பற்றி, மாட்டுப் பண்டிகைக்குச் சுவரெல்லாம் செம்மண்ணால் படம் போடுவதைப் பற்றி. சுமி சிலதை எங்களுக்குச் சொன்னாள். ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன், எனக்கு மட்டும் ஏன் சோறு இல்லன்னு கேக்குது. தண்டனைன்னு நெனச்சிருக்கு."

கூடத்தின் கடைசியிலிருந்து பாய் எழுந்து வந்தார். மைனோவுக்கு எதிரே மறுபடி தரையில் உட்கார்ந்தார். சுமியிடம் மெதுவாகக் கேட்டார்: "மன்னிச்சுக்கம்மான்னு உங்க பாஷையில எப்படிச் சொல்றது? எனக்குத் தெரியாது."

தெரியாது என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சுமி யோசித்தாள். "நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல பாய். நீங்க இதுகூட உக்காந்து சாப்பிடுங்க. அது போதும்."

அவருக்கு டாக்டர் சோறே கூடாது என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ரசம் சாதத்தை அவர் தாடியில் சிந்திக்கொள்ள, மைனோ கையை நீட்டித் துடைத்துவிட்டாள். பாய் குனிந்தபடியே இருந்தார். தட்டு காலியான பிறகும் நிமிரவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு இல்லத்தின் பின்சுவரை அவளுக்கு விட்டுக்கொடுத்தோம். செம்மண்ணில் நிறைய மாடுகள் வந்தன. பண்டிகைக்கு நிஜ மாடு வேண்டும் என்று பாய் எங்கிருந்தோ ஓர் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தார். அது கண்காணிப்பாளர் அம்மாவின் ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டுப் போனது தனிக் கதை. சுமி சொன்ன அடையாளத்தை வைத்து அதிகாரிகள் அத்தையைக் கண்டுபிடித்தார்கள். கோடை விடுமுறைக்குள் மைனோ ஊருக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகும் எங்களிடம் பிள்ளைகள் வருகிறார்கள். நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை, ஒடியா பேசுகிற அக்கா தங்கை, நோன்பு வைக்க வேண்டும் என்று கேட்கத் தயங்கிய ஒரு பெண். மைனோவுக்குச் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுண்டிவிடுகிறது. புதிதாக ஒரு குழந்தை வந்திருப்பதாகச் சொன்னால் பாய் கடையைச் சாத்திவிட்டு வருகிறார். ஒன்றும் கொண்டுவருவதில்லை. தரையில் உட்கார்ந்து, அது பேசும்வரை சும்மா இருக்கிறார்.

போன வாரம் அவருக்கு உடம்புக்கு முடியவில்லை, வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. எப்படியும் வந்துவிடுவார் என்று அன்று முழுக்க நான் வாசல் பக்கமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.