இடது பக்கம், மேல் வரிசை

மரியாதைக்குரிய ஆர்லீன் அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம், அவருக்குத் தெரிந்தால் காலையில் காபிக் கடைக்கே தெரிந்துவிடும். நாளை சர்ச்சில் இதை உங்கள் கோட்டுப் பையில் போட்டுவிடுவேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். நீங்களும் மாமாவும் புதிதாகப் பிறந்த கன்றுகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் சுகம். பிரச்சினையே அதுதான்.

பக்கவாதத்துக்குப் பிறகு, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அப்பாவுக்கு மறந்துபோனது உங்களுக்குத் தெரியும். கண் நன்றாகத் தெரிந்தது, கவனம்தான் அந்தப் பக்கம் போகவில்லை. தட்டின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு உருளைக்கிழங்கு இல்லையா என்பார். அம்மா தட்டைத் திருப்பி வைத்தால், கேட்டதும் வந்துவிட்டதே என்று மகிழ்வார். நம் வண்டியின் இடது விளக்கை நான் கம்பத்தில் மோதி உடைத்ததையும் அவர் பார்க்கவில்லை; அதை மட்டும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர் பாதிக் கூட்டத்தைப் பார்க்காவிட்டால் எப்படி? விலை கேட்பதற்கு அடையாளமாக ஒருவர் தொப்பி நுனியைத் தொட்டாலே பிடித்துவிடுகிற கண் அப்பாவுடையது. சந்தை முதலாளி டுவேன் கெஸ்லர் ஒரே ஒரு வாய்ப்புத் தந்தார். இடது பக்கம் ஓர் ஆளைத் தவறவிட்டாலும் மேடை தன் மருமகனுக்கு என்றார்.

ஒமாஹா ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சியில் அப்பாவைச் சேர்த்தோம். கத்தி, ஊசி எதுவும் இல்லை. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுகளைத் தலையில் கட்டி மெல்லிய மின்சாரம் விடுவார்கள். அந்த நேரத்தில் அப்பா திரையில் நட்சத்திரங்களைத் தேடித் தொட வேண்டும். பாதிப் பேருக்கு மின்சாரம் விடாமல் சும்மா கட்டிவைப்பார்களாம், யாருக்கு எது என்று பக்கத்தில் இருக்கும் டாக்டருக்கே தெரியாதாம். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, எனக்கு அசல்தான் என்று அப்பா சாதித்தார். சும்மா கட்டினாலும் கொஞ்சம் கடிக்கும், பயிற்சியாலும் தேறலாம், நாளாக ஆகத் தானாகவும் தேறலாம் என்றார் டாக்டர். அதை அப்பா இடது காதில் வாங்கிக்கொண்டார்.

இன்று மேடை ஏறினார். கெஸ்லர் எல்லோர் முன்னாலும், "என்ன வெர்லின், உன்னை மின்வேலியில கட்டி வெச்சாங்களாமே?" என்றார்.

"வேலி முரட்டு மாட்டுக்குத்தான், டுவேன். வேணும்னா உனக்கும் சொல்லி வைக்கிறேன்" என்றார் அப்பா.

கூட்டம் சிரித்தது. ஆனால் அத்தை, அப்பா மேல் உள்ள பிரியத்தில் ஊரே வலது பக்கப் பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டது, ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறைதான். இடது பக்கம் காலி. அப்புறம் அப்பா தேறியது எப்படித் தெரியும் என்று மருமகன் இளித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை, போய் இடது பக்கம் மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்தேன், ஒரு கறுப்புக் காளை உள்ளே வந்தது, அப்பா பார்க்கிறாரா என்கிற ஒரே தவிப்பில் தொப்பி நுனியைத் தொட்டேன், விலை சொல்லும் வேகம் குறையாமலே அப்பாவின் கை என்னை நோக்கி நீண்டது. "இடது பக்கம், மேல் வரிசை. முடிஞ்சுது."

சந்தையே எழுந்து நின்று கைதட்டியது. நானும் சேர்ந்து கைதட்டினேன். எனக்கு இப்போது ஒரு காளை இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

உன் அத்தைக்கா என்று கெஸ்லர் கேட்டார். தலையாட்டிவிட்டேன். பதினெட்டு ஆகாத நான் நானாகக் கேட்டால் ஏலம் செல்லாது, செல்லாத கையை அப்பா பிடித்தார் என்று தெரிந்தால் மருமகனுக்கு அதுவே போதும். திங்கட்கிழமை கெஸ்லர் உங்களுக்குப் போன் செய்வார். ஆமாம், எனக்குத்தான் என்று சொல்லிவிடுங்கள். நல்ல காளை. முகம் கொஞ்சம் மாமா சாயல்.

உங்களுக்கும் மாமாவுக்கும் கன்றுகளுக்கும் எந்தக் குறையும் வராமல், கதவை யாரோ தட்

பி.கு.: அப்பாதான். கடிதத்தைச் சட்டென்று அவருடைய இடது பக்கம் மறைத்தேன், பழைய பழக்கம். நேராகக் கையை நீட்டி எடுத்து, ஒவ்வொரு வரியையும் இடது ஓரத்திலிருந்து படித்தார்.

"நீ சும்மா தொட்டேன்னு அப்பவே தெரியும், டெஸ்ஸா. ஆனா நோய் வந்ததுக்கப்புறம் அந்தப் பக்கம் நான் பாத்த மொத கை அது. விட மனசு வரலம்மா."

சந்தை முடிந்ததும் கெஸ்லரிடம் எல்லாவற்றையும் சொல்லி, காளையைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டாராம். கெஸ்லர் சிரித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் நீயே வா என்றாராம். ஆகவே அத்தை, இந்தக் கடிதத்தை எல்லோரிடமும் காட்டுங்கள், முதலில் மாமாவிடம். எனக்காக மட்டும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போகிறார். நேராக இடது பக்கத்துக்கு.