தீப்பெட்டி அக்கா போட்ட கட்டம்

அட்டன் நகரத்தில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பஸ் கண்டக்டர்கள் கோபப்படுவார்கள், மரக்கறிக் கடைக்காரர்கள் கோபப்படுவார்கள், அடைமழைக் காலத்தில் தெருநாய்கள்கூடக் கோபப்படும். ஆனால் அவர்கள் எல்லோரும் பொழுதுபோக்குக்குக் கோபப்படுகிறவர்கள். கோபத்தை ஒரு முழுநேர உத்தியோகமாக, லீவு எடுக்காமல் பார்த்துவந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர்தான் தீப்பெட்டி அக்கா.

அப்போது நான் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் இருந்த ஏஜென்சியில் கிளார்க். தற்காலிகமாக ஆள் தேவைப்படும் இடங்களுக்கு ஆள் அனுப்புவது எங்கள் தொழில். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஹோட்டல்களில் பாத்திரம் கழுவ, மரக்கறித் தோட்டங்களில் கரட் பிடுங்க, கல்யாண மண்டபத்தில் இலை எடுக்க, யாராவது வீடு மாறினால் அலுமாரி தூக்க என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஆள் உண்டு. ஆட்களைப் பற்றிய தகவல்கள் மூன்று இடங்களில் இருந்தன: தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு வாட்ஸ்அப் குரூப், என் மண்டை. மூன்றிலும் ஓட்டை.

ஒருநாள் ஒரு ஹோட்டல், போன வாரம் வந்த லெச்சுமியே மறுபடியும் வேண்டும் என்றது. நான் லெச்சுமிக்குப் போன் செய்தேன். அது வேறு லெச்சுமி. தப்பைத் திருத்த இன்னொரு லெச்சுமியைப் பிடித்தேன். அதுவும் வேறு. கடைசியில் வேனிலிருந்து நான்கு லெச்சுமிகள் இறங்கினார்கள். ஹோட்டல் கேட்ட லெச்சுமி அந்த நால்வரில் இல்லை.

அன்றைக்குத்தான் முதலாளி, “நமக்கு ஒரு சிஸ்டம் வேணும்டா” என்றார். அவர் முன்பு வேன் ஓட்டியவர். எதையும் ரிவர்ஸ் எடுத்துப் பழக்கமில்லாதவர். மறுவாரமே ஆளைப் பிடித்துவிட்டார்.

வந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் மழைக்கோட்டு, கக்கத்தில் சிலிசிலிப் பொலித்தீன் பையில் சுற்றிய லெப்டொப். நோர்வூட்காரர். கொழும்பில் பல சொப்ட்வெயார் கம்பனிகளில் வேலை பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு மேனேஜரோடு சண்டை போட்டு, சண்டை போட மேனேஜர்கள் மிச்சமில்லாமல் ஊர் திரும்பியவர். கம்பியூட்டர் வந்தால் என் வேலை போய்விடும் என்ற எரிச்சலில் நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“நீங்கதான் கிளார்க்கா?”

“ஆமாங்க.”

“ஒரு ஆள வேலைக்கு அனுப்பறதுன்னா என்னென்ன செய்வீங்க? மொதல்லருந்து சொல்லுங்க.”

“போன் வரும். ஆள் அனுப்புவோம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

“அப்ப போனே அனுப்பிருமே. நீங்க எதுக்கு இருக்கீங்க?”

எங்கள் நட்பு இப்படித்தான் ஆரம்பமானது.

அக்கா எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பார். ஆளுக்கு ஒரு கட்டம், வேலைக்கு ஒரு கட்டம், இடத்துக்கு ஒரு கட்டம், நடுவில் அம்புக்குறிகள். வரையக் கடதாசி போதாமல் முதலாளியின் கலண்டரிலிருந்து கிழித்துக்கொள்வார். மார்ச் மாதத்திலேயே எங்கள் சுவரில் ஆகஸ்ட் வந்துவிட்டது. கீழே டீக்கடைக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பொட்டி பொட்டியா வரையுது, ஒரசுனா பத்திக்கிது. தீப்பெட்டிதான்.” அதன்பிறகு அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

முதல் தீ முகவரியில் பற்றியது. எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருப்பவர்கள். நான் கொடுத்த விண்ணப்பப் படிவத்தில் ‘வீட்டு இலக்கம், தெரு’ என்று இருந்தது.

“தம்பி, லயத்துக்கு ஏதுங்க தெரு?”

“அது கடையில வாங்குன போர்ம் அக்கா.”

“இந்த போர்ம அடிச்சவன் வாழ்க்கையில ஒரு லயத்தப் பாத்திருக்கானா? தெரு இல்லாதவனெல்லாம் மனுசன் இல்லையா? கடுதாசி வந்தா தோட்டத்து ஆபீசுலயே கெடந்து பூஞ்சணம் பிடிக்கிது. ஒரு பிள்ளைக்கு இன்டர்வியூ கடுதாசி இன்டர்வியூ முடிஞ்சப்புறம் போய்ச் சேந்த கத தெரியுமா ஒங்களுக்கு?”

எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை என் தங்கச்சிதான். ஆனால் அக்கா கத்திய கத்தலில் அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. படிவத்தை நான்காய்க் கிழித்துவிட்டு, தோட்டம், டிவிசன், லயம், லயத்துக்குள் ஒரு குடும்பம் இருக்கும் அறையான காம்பிரா என்று புதுக் கட்டங்கள் போட்டார்.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று ஒவ்வொருவரும் மூன்று ஆட்களாக இருந்தார்கள். ராமாயி என்ற கிழவி அட்டையில் ராமையா என்ற ஆண்பிள்ளையாக இருபது வருசம் இருந்திருக்கிறார். அக்கா அதற்கும் நாளெல்லாம் கொதித்துவிட்டு, ‘கூப்பிடும் பெயர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தார். அதை நிரப்ப நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊர் முழுவதும் ‘கொறங்கு’ என்றே கூப்பிடும் ஒரு பெரியவர், பெஞ்சாதியை வெளியே அனுப்பிவிட்டு என் காதோடு வந்து சொன்னார். வெளியே இருந்த பெஞ்சாதி, “கொறங்குன்னு எழுதிக்கங்க தம்பி, வெக்கப்படுது” என்று சத்தம் போட்டார். லெச்சுமிகள் மட்டும் பதினான்கு பேர். பாட்டுக்கார லெச்சுமி, ஒசந்த லெச்சுமி, மேட்டு லயத்து லெச்சுமி என்று எல்லோரும் தனித்தனியாகக் கட்டத்துக்குள் போனார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, “வேல நடக்குற எடத்தப் பாக்காம சிஸ்டம் எப்புடி முடியும்?” என்று சொல்லி, யாருக்கும் தெரியாமல் ஒரு பொய்ப் பெயரில் வேனில் ஏறி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். பதினொரு மணிக்கு ஹோட்டல் சுப்பவைசரிடமிருந்து போன். “மே நோனா கவுத?” என்று அலறினார். இந்த அம்மா யார் என்று கேட்கிறார். கையுறை கேட்கிறாராம், சமையல்கட்டுச் சுவரில் கரித்துண்டால் கட்டம் போடுகிறாராம், செஃபிடம் அவர் வேலை என்னவென்று முதலிலிருந்து சொல்லச் சொல்கிறாராம்.

பின்னேரம் நனைந்துபோய்த் திரும்பி வந்த அக்கா நேராக முதலாளி மேசைக்குப் போனார்.

“முதலாளி, நம்ம ஆளுங்க எங்க ஒக்காந்து சாப்புடறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“அதெல்லாம் ஹோட்டல்காரங்க பாத்துக்குவாங்கம்மா.”

“பாத்துக்கிறாங்க. ஜெனரேட்டருக்குப் பின்னால, மழையில, நின்னுகிட்டே சாப்புடறத உள்ள ஜன்னலுக்கிட்ட நின்னு நல்லாப் பாத்துக்கிறாங்க. நீங்க அனுப்பறது ஆளா, சாமானா?”

முதலாளி பேச்சை மாற்றினார். “அத விடுங்க. ஆளுக்கு ஸ்டார் போடற மாதிரி ஒண்ணு வச்சுக் குடுங்க. ஹோட்டல்ல குத்தம் சொன்னா ஸ்டார் கொறையணும். மோசமான ஆளுங்கள சிஸ்டமே தள்ளி வச்சிரணும்.”

“மோசமான எடத்துக்கு யாரு ஸ்டார் போடறது?”

“எடத்துக்கு எதுக்கும்மா ஸ்டாரு?”

அன்றைக்குச் சத்தம் தாங்காமல் கீழே ஹாட்வெயார் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

மறுநாள் கொப்பியைப் பார்த்து கம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த அக்கா ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ஒசந்த லெச்சுமி. பெயருக்கு நேராகச் சிவப்புப் பேனையில் ஒரு பெருக்கல் குறி.

“இது என்னாங்க தம்பி?”

“கூப்புட வேணாம்னு அர்த்தம்.”

“ஏன்?”

யோசித்தேன். ஹோட்டலிலிருந்து யாரோ போனில், ‘வாய் காட்டுறா’ என்று சொன்ன ஞாபகம். என்ன வாய், எதற்கு என்று நான் கேட்கவில்லை. அரை நிமிசத்தில் சிவப்புக் குறி போட்டுவிட்டு மறந்துபோனேன். அதன்பிறகு ஏழு மாதமாக அந்தப் பெண் திங்கட்கிழமைதோறும் போன் செய்வார். “வேல இருக்காங்க தம்பி?” நான் கொப்பியைப் பார்ப்பேன். “இப்ப இல்லக்கா.”

அக்கா வெடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். “ஞாயித்துக்கெழம மஸ்கெலியா பஸ்ஸுல என்னோட வாங்க” என்று மட்டும் சொன்னார்.

மஸ்கெலியாவில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏறினோம். ஒசந்த லெச்சுமி தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் துணி கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க தம்பி! வேல வந்திருச்சா?”

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபமாக இல்லை. காம்பிராவில் உட்கார்ந்த பிறகு ஒரு வழியாகச் சொன்னேன். சிவப்புக் குறி போட்டதைச் சொன்னேன். ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியாது என்பதையும் சொன்னேன்.

“அப்ப வேல இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“இல்லன்னுல்ல சொன்னீங்க.”

இரண்டு கைகளையும் நீட்டினார். விரலிடுக்குகளில் தோல் வெளுத்து, சுருங்கிப்போய் இருந்தது. பாத்ரூம் கழுவும் ஆசிட். வெறுங்கையால் இனிமேல் தொடமாட்டேன், உறை கொடுங்கள் என்று சுப்பவைசரிடம் கேட்டிருக்கிறார். அவர் காட்டிய வாய் அவ்வளவுதான்.

“ஏழு மாசம் தம்பி. இங்க சிக்னல் கெடையாது. திங்கக்கெழம திங்கக்கெழம அந்தா தெரியுதே, அந்த மேட்டுல ஏறித்தான் ஒங்களுக்குப் போன் அடிப்பேன். மழையில நின்னேன். கால்ல அட்ட ஏறுச்சு. நீங்க இல்லன்னு சொல்றது நெசமுன்னு நம்பி எறங்கி வருவேன். எங்கிட்ட எதோ கொற இருக்கு போலன்னு நானே நெனச்சுக்கிட்டேன். என்னா ஏதுன்னு ஒரு வார்த்த என்னையக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டா என்னா கொறஞ்சு போயிருவீங்க?”

குரல் உயர்ந்துகொண்டே போனது. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தீப்பெட்டி அக்காவும் சேர்ந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டி முடித்த லெச்சுமி எங்கள் இருவருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். திட்டை வாங்கியதைவிட அந்தத் தேத்தண்ணியை விழுங்குவது கஷ்டமாக இருந்தது.

பஸ்ஸில் கேட்டேன்: “ஏன்க்கா நீங்க ஒண்ணுமே சொல்லல?”

“கோவப்பட வேண்டியவங்க கோவப்பட்டாங்க. நடுவுல எனக்கென்னா வேல?”

அடுத்த வாரம் சிஸ்டம் ரெடி. முதலாளி கேட்டபடி ஆளை நிறுத்திவைக்க ஒரு பட்டன் இருந்தது. அதை அமத்தினால் மூன்று கட்டங்கள் வரும். குற்றம் சொன்னவர் யார்? என்ன குற்றம்? மூன்றாவது: ‘அதற்கு அவங்க என்ன சொன்னாங்க?’ அந்த மூன்றாவது கட்டத்தில் சம்பந்தப்பட்ட ஆளின் பதில் ஏறாதவரை யாரையும் நிறுத்த முடியாது.

“இத எடுத்துருங்க,” என்றார் முதலாளி.

“முடியாது.”

“இது என் ஏஜென்சிம்மா!”

“ஏஜென்சி ஒங்களுதுதான். உள்ள இருக்குற பேரெல்லாம் அவங்களுது.”

“அப்ப நீங்க போகலாம்.”

அக்கா போனார். கதவைச் சாத்திய சாத்தலில் கீழே கடையில் ஆணிப் பெட்டி ஒன்று சரிந்ததாகப் பேச்சு.

அந்தக் கட்டத்தை எடுக்க முதலாளி கண்டியிலிருந்து வேறு ஒரு கம்பியூட்டர்காரரைக் கூட்டிவந்தார். அவர் இரண்டு மணி நேரம் பார்த்து வியர்த்துவிட்டு, “சேர், இந்தக் கட்டத்த எடுத்தா மத்தது எல்லாம் விழுந்துரும். வேணும்னே இதத் தூணா வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டுக் கண்டி பஸ்ஸைப் பிடித்தார்.

ஆக, கட்டம் நின்றது. முதல் தடவை கொறங்குப் பெரியவர்மேல் ஒரு ஹோட்டலிலிருந்து புகார் வந்தது. முதலாளி பட்டனை அமத்தினார். கட்டம் கேட்டது. முதலாளி ஸ்கிரீனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் பெரியவருக்குப் போன் போட்டார். “லிஃப்டுல எங்கள ஏற விடமாட்டாங்க முதலாளி. நாலு மாடிக்கு மெத்தயத் தூக்கிக்கிட்டு ஏறுனேன், மூணாவதுல ஒக்காந்துட்டேன். அதத்தான் தூங்குறேன்னு சொல்லியிருப்பாங்க” என்றார் பெரியவர். முதலாளி அதை ஒற்றை விரலால் தட்டி முடிக்க அரை மணி நேரமானது.

மூன்று மாதத்தில் அதே ஹோட்டலைப் பற்றி இப்படி ஐந்து பதில்கள் சேர்ந்தன. ஒருநாள் மதியம் முதலாளி ஐந்தையும் வரிசையாக வாசித்தார். பிறகு போனை எடுத்தார். அந்த மனுசர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “மொதல்ல ஒக்காந்து சாப்புட எடத்தக் காட்டுங்க! கைக்கு ஒறையக் குடுங்க! அப்புறம் ஆள் கேளுங்க!” போனை வைத்துவிட்டு, தான் செய்ததைத் தானே நம்பமுடியாமல் முழித்தார்.

“என்னா பாக்குற? நோர்வூட்டுக்குப் போனப் போடு.”

அக்கா வந்தார். வந்த கையோடு, முதலாளி தட்டியிருந்த பதில்களில் எழுத்துப்பிழைகளுக்காக ஒரு மணி நேரம் சண்டை பிடித்தார். முதலாளி ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

ஒசந்த லெச்சுமிக்கு அந்த ஞாயிறுக்கு மறுநாளே, வழக்கமாக அவர் மேட்டில் ஏறும் நேரம் பார்த்துப் போன் செய்திருந்தேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை, “வேல இருக்கா, சும்மாவா?” என்று கேட்டார். இருந்தது, வந்தார். ஆனால் வேனில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்க அவருக்கு மேலும் இரண்டு மாதம் பிடித்தது. அது நியாயம்தான்.

இப்போது நான் அந்த ஏஜென்சியில் இல்லை, கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் அக்கா வாரம் ஒருமுறை போன் செய்து என்னைத் திட்டுவார். நான் எழுதுகிறவற்றை வாசித்துவிட்டுத் திட்டுவார், வாசிக்காமலும் திட்டுவார். போன இரண்டு வாரமாகப் போன் வரவில்லை. நேற்று நானே எடுத்தேன்.

“காய்ச்சல் தம்பி. பேச முடியல. நீங்க நல்லாருக்கீங்களா? சாப்டீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா மெதுவாகப் பேசி இத்தனை வருசத்தில் நான் கேட்டதே இல்லை. நாளைக்கு முதல் பஸ்ஸில் நோர்வூட்டுக்குப் போய், அவரிடம் நாலு திட்டு வாங்கிக்கொண்டு வந்தால்தான் எனக்கு நிம்மதி.