சொல்லாத பெட்டி

மூன்றாவது முறையும் தப்பாக அடித்தார் இன்னாசிராஜ். கல்லூரி அந்த வருஷம், எண்பத்தெட்டில்தான், வாங்கிய கம்ப்யூட்டர் பட்டென்று பூட்டிக்கொண்டது.

நாலு மணிக்குள் ரிசல்ட் ஒட்டிவிடுவதாக பிரின்சிபால் ஃபாதரிடம் வாக்குக் கொடுத்திருந்தார் அந்தத் தலைமை எழுத்தர். தொட்டியத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்த பெற்றோர்கள் கேட்டில் நின்றார்கள். மார்க்குகள் பெட்டிக்குள் இருந்தன. ஏப்ரல் முழுக்கத் தினமும் அடித்த பாஸ்வேர்டை, மே மாத லீவில் மனிதர் சுத்தமாக மறந்திருந்தார்.

புரோகிராம் எழுதிய அக்னஸ் வந்து பூட்டை விடுவித்தாள்.

"நான் வச்ச பாஸ்வேர்டு என்னன்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லும்மா."

"சொல்லாது சார். உள்ள போடலாம், வெளிய எடுக்க முடியாது. நீங்க அடிக்கிறது சரியா, தப்பான்னு மட்டும் பார்க்கும்."

"மார்க்கை மட்டும் காட்டுதே?"

"மார்க்கைப் போடவும் வேணும், பார்க்கவும் வேணும். பாஸ்வேர்டைப் பார்க்கிற வேலை யாருக்கு சார் இருக்கு? யாரும் பார்க்க வேண்டாத ஒண்ணுக்கு மட்டும்தான் இப்படி வைப்பேன்."

"உனக்குக்கூடத் தெரியாதா?"

"தெரியாது. 'நானே கேட்டாலும் சொல்லக் கூடாது'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கோபத்துக்கு நடுவிலும் அவருக்குப் பெருமையாக இருந்தது. இருபத்திரண்டு வயசுப் பெண், எவ்வளவு யோசித்திருக்கிறாள்!

"சரி, புதுசா ஒண்ணு வச்சிடு."

"வைக்கலாம். ஆனா யாரோ கை வச்சிட்டாங்கன்னு எல்லா மார்க்கையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லும். ரெண்டு நாள் ஆகும்."

"இதை எவன் வைக்கச் சொன்னான்?"

"அதுவும் நீங்கதான் சார்."

இன்னாசிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். காட்டூரில் வீடு, ஒருவேளை அதுவாக இருக்கலாம். "கே, ஏ, டி, டி, யூ, ஆர்…" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். தப்பு. மனைவி லூர்துராணியின் பெயரையும் அதேபோல அடித்தார். அதுவும் தப்பு.

"இன்னும் ஒரே தடவைதான் சார். அதுவும் தப்பாகி ரெண்டாவது முறை பூட்டிக்கிட்டா என்னாலயும் விடுவிக்க முடியாது, நாளைக்குத்தான் திறக்கும்."

மணி மூன்றே முக்கால். அவர் கையெடுத்துப் பெட்டியைக் கும்பிட்டார்.

"ரகசியம் காக்கிறதுன்னா இதும்மா! இந்தக் காலேஜ்ல இப்படி ஒரு ஆள் கிடையாது."

வராண்டாவைப் பெருக்கிக்கொண்டிருந்த வியாகுலம்மாள் விளக்குமாறோடு எட்டிப் பார்த்தாள்.

"அது சொல்லாதுதான் சார், எங்களைக் கேட்டா சொல்ல மாட்டோமா? ஏப்ரல் பூரா ஒவ்வொரு எழுத்தா கத்திக் கத்தித்தானே அடிச்சீங்க, இந்த வராண்டாவுக்கே அது மனப்பாடம்!"