கல்முர்ஸா சம்பந்தி கை ஏந்திய விருந்து

மாஸ்கோவில் தையல் கூடத்தில் வேலை பார்க்கும் அருமை மகள் சைரகுலுக்கு, கரபுலாக்கிலிருந்து அப்பா ஜொல்தோஷ் தன் கைப்பட எழுதுவது.

நீ நலமா, மாப்பிள்ளை நலமா, ஆடு மாடு குதிரை எல்லாம் நலமா? உன்னிடம் ஆடும் இல்லை, குதிரையும் இல்லை என்று தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை. தையல் மெஷின் நலமா என்று கேட்டதாக வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். ஆற்றுக்கு அக்கரையில், தாஷ்ஆரிக்கில், உன் மாமனார் வீட்டில் உன் மகள் அய்பிகேயும் சுகம். போன வாரம் கைபேசியில் உன் முகம் வந்தபோது அதற்கு ரொட்டி ஊட்டினாளாம். திரையெல்லாம் வெண்ணெய்.

ஆம், கைப்படத்தான் எழுதுகிறேன். வாத்தியார் குதிரையில் வருவது தெரிந்தாலே ஆட்டை ஓட்டிக்கொண்டு மலையேறிய ஆள் நான். இந்தக் குளிர்காலத்தில் உன் அண்ணி குல்ஜான் என்னை உட்காரவைத்து எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும். என் பெயரை நானே எழுதிப் பார்க்கும்போது புதுக் குதிரை வாங்கியதுபோல் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஓர்ஹான் என்ற துருக்கிக்காரர் பெரிய தையல் ஆலை கட்ட நம் பக்கம் இடம் தேடி வந்தார். ஆலை வந்தால் நீ ஊர் திரும்பலாம். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியது. ஆனால் நம் மாவட்டத் தலைவர் போலோத்துக்கு ஆலை அக்கரை மாவட்டத்துக்குப் போய்விடக் கூடாது, அவர்களுக்கோ அது இக்கரைக்கு வந்துவிடக் கூடாது. நாங்கள் நிலம் இலவசம் என்றோம். அவர்கள் நிலத்தோடு கிணறும் இலவசம் என்றார்கள். நாங்கள் ஐந்து வருடம் வரி வேண்டாம் என்றோம், அடுத்த நாளே அவர்கள் பத்து வருடம் என்றார்கள். எப்படித் தெரிந்தது என்று போலோத் தலையைப் பிய்த்துக்கொண்டார். இங்கே பாதி வீட்டு மருமகள் அக்கரைக்காரி, அங்கே பாதி வீட்டு மருமகள் இக்கரைக்காரி. ரகசியம் தாய்வீட்டுப் பலகாரத்தோடு ஆற்றைத் தாண்டிவிடுகிறது. பிறகு துருக்கிக்காரர் வரும் சாலையோர மரங்களுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள், வேகத்தில் அங்கே கட்டியிருந்த என் கழுதையின் ஒரு காலுக்கும் சேர்த்து. மின்சாரம் நிற்கவே நிற்காது என்று காட்டுவதற்காக ஊர் முழுக்க நிறுத்திவிட்டு விருந்து நடக்கும் கூடத்துக்கு மட்டும் விட்டார்கள்.

விருந்தும் நடந்தது. சுடச்சுட ஆட்டுக்கறி, கொழுப்பு திரண்ட ஆட்டுவால், எண்ணெயில் பொரித்த ரொட்டி மலைபோல. அந்த நேரம் பார்த்து வாசலில் யார்? உன் மாமனார் கல்முர்ஸாதான்.

"என்ன சம்பந்தி, கறி வாசனை எங்க ஊர் வரைக்கும் வருது, கூப்பிடணும்னு தோணலியா?"

போலோத் என் காதைக் கடித்தார்: "மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்த ஆளை எப்படியாவது கிளப்புங்க."

"எம்மக வாழப்போன வீட்டுப் பெரியவருய்யா. வாசல்ல நிக்க வெச்சுட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட நான் ஆத்தைத் தாண்டுவேன்?"

கூட்டிவந்து துருக்கிக்காரர் பக்கத்தில், உள்ளே பெரியவர்களுக்கான மேல் இடத்தில் உட்காரவைத்தேன். வேறு எங்கே உட்காரவைப்பது? சாப்பாடு முடிந்ததும் மூத்தவர் கை ஏந்தி ஆசி கேட்க வேண்டுமே. கூட்டத்திலேயே மூத்தவர் அவர்தான். அவர் இருக்க இன்னொருவர் கை ஏந்த முடியுமா? உள்ளங்கைகளை விரித்து இனிமையாகத்தான் ஆரம்பித்தார். "இந்த ஊர்ல ஆடு பெருகட்டும், பிள்ளைங்க பெருகட்டும், குதிரைங்க நொண்டாம ஓடட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதே மூச்சில், "விருந்தாளியோட ஆலை எங்க தாஷ்ஆரிக் வாய்க்கால் ஓரத்துல எழும்பட்டும்!" என்று முடித்தார்.

"ஓமின்!" என்றது கூடம் முழுக்க. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து வந்த பழக்கம், பெரியவர் நிறுத்தினால் வாய் தானாக 'அப்படியே ஆகட்டும்' என்கிறது, கை தானாக முகத்தைத் துடைக்கிறது. எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் போலோத். முகத்தைத் துடைத்து முடித்த பிறகுதான் எதற்கு ஓமின் சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது.

துருக்கிக்காரருக்கு நம் பேச்சு நன்றாகவே புரியும். கண் கலங்கிவிட்டார். "நான் எத்தனையோ ஊர் பார்த்திருக்கேன். ஆலை பக்கத்து ஊருக்குப் போகட்டும்னு ஒரு ஊரே கை ஏந்திக் கேட்டதை இங்கதான் பார்க்கிறேன். கேட்டபடியே ஆகட்டும்!"

"ஐயா, அது சும்மா வாய்ப் பழக்கம்ங்க!" என்று போலோத் கிடந்து துடித்தார்.

"ஓமின் சொன்னப்புறம் பேச்சு ஏது தம்பி?" என்றார் உன் மாமனார், மிச்சமிருந்த ஆட்டுத்தலையிலிருந்து காதை அறுத்தபடி.

இப்போது ஊரில் யாரும் எனக்கு சலாம் சொல்வதில்லை. என் கழுதைக்குக்கூடச் சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது. எனக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை! வாய்க்கால் ஓரம் என்றால் உன் வீட்டுக்குப் பின்னால். நீ வேலை பார்க்க, மதியம் அய்பிகே ஓடிவந்து உன்னிடமே ரொட்டி வாங்கித் தின்னலாம். நான் தினமும் பாலத்தைத் தாண்டி வருவேன். ஆகவே மூட்டையைக் கட்டு.

உங்கள் பாதை வெளிச்சமாகட்டும், உங்கள் கிண்ணம் நிறையட்டும், ஆப்ரிகாட் பழுக்கும் முன் என் மகள் வீடு திரும்பட்டும்.

அன்புடன்,
அப்பா ஜொல்தோஷ் (என் கையெழுத்துதான்)

பின்குறிப்பு: மேலே எழுதியதை அழித்தால் காகிதம் கிழிகிறது, அதனால் அப்படியே விடுகிறேன். இன்று காலை துருக்கிக்காரர் விடைபெற நம் வீட்டுக்கு வந்தார், போலோத்தும் கூடவே. தேநீர் குடித்தோம். இங்கே மூத்தவன் நான் அல்லவா, கை ஏந்தினேன். தினமும் கேட்பதையே வாய் கேட்டுவிட்டது: "எம்மக சைரகுலோட தையல் மெஷின் சத்தம் என் வீட்டு முற்றத்துல கேக்கட்டும்." துருக்கிக்காரர் மனதார ஓமின் சொல்லி முகத்தைத் துடைத்தார். போலோத் கூரை இடிக்கத் துள்ளினார்: "ஓமின் சொல்லிட்டீங்க! நீங்களே சொல்லிட்டீங்க, அப்போ ஆலை இக்கரையிலதான்!" பாவம் துருக்கிக்காரர், முகத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. இப்போது பாதி ஆலை அங்கே, பாதி ஆலை இங்கே என்கிறார். நீ எந்தப் பாதியில் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு கிண்ணம் ஊற்றினால் வேண்டாம் என்கிறார், குடித்தால் ஆசி வந்துவிடுமாம். இதற்குள் உன் மாமனார் ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு பாலத்தில் வருகிறார்.

எந்தக் கரை என்று பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடாதே. மேலே நான் ஆசி எழுதிய இடத்தில் நீ ஓமின் சொல்லி முகத்தைத் துடைத்திருப்பாய். என் மகளை எனக்குத் தெரியாதா?