லேப்டாப்புக்கு உறை தேடிய ஞாயிறு

இந்த ஞாயிற்றுக்கிழமை அடையாறு போவதில்லை என்று முடிவெடுத்தேன். பீஷ்ம சபதம்.

அடையாறில் என் மனைவி ஜெயலக்ஷ்மியின் அக்கா சாருலதா இருக்கிறாள். அதில் ஆட்சேபம் இல்லை. அக்காவின் கணவர் வேங்கடவரதனும் அங்கேயே இருக்கிறார். அதுதான் ஆட்சேபம். மனிதருக்குச் சிறுநீரகத்திலிருந்து ஒரு கல் எடுத்தார்கள். எடுத்த டாக்டரே மறந்திருப்பார். இவர் வாராவாரம் சொல்கிறார். கல்லும் வாராவாரம் வளர்கிறது. ஆரம்பத்தில் மிளகு. போன வாரம் எலுமிச்சம்பழம். பொங்கலுக்குள் பரங்கிமலை ஆகிவிடும்.

நல்லவேளையாக, கிண்டி ஆபீசில் எனக்கு ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். தொண்ணூற்றேழில் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் லேப்டாப் என்றால், வாசலில் யானை கட்டிய கௌரவம். சனிக்கிழமை அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, முகத்தில் கவலையையும் வைத்துக்கொண்டேன்.

“ஜெயா, நாளைக்கு நான் வரமுடியாது. இதுக்கு உறை பார்க்கணும்.”

“உறைதானே? நேத்துத் தயிர் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஒரு ஸ்பூன் விட்டாப் போறும்.”

“இது மேலே போடற உறை! கச்சிதமா பொருந்தணும்னு மேனேஜர் உத்தரவு. முதல்ல என்ன மாடல்னு கண்டுபிடிக்கணும்.”

“மூடியிலேயே பேர் போட்டிருக்கே.”

“அது கம்பெனி பேர். ஜெயலக்ஷ்மின்னு பேரை மட்டும் சொன்னா டெய்லர் ரவிக்கை தைச்சுடுவானா?”

“நீங்க தைக்கக் குடுத்ததெல்லாம் அப்படித்தானே இருந்தது?”

காதில் விழாத மாதிரி இருந்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

“உள்ளே புகுந்து ஆராயணும். நாள் பூரா ஆகும். விஞ்ஞானம். உனக்குப் புரியாது.”

“ஐயோ பாவம். சரி, நான் மட்டும் போயிட்டு வரேன்.”

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே என்று புத்தியுள்ளவன் பயந்திருப்பான். நான் இரண்டாவது காபி கேட்டேன்.

ஞாயிறு காலை அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். லேப்டாப்பில் சீட்டாட்டம் இருந்தது. ஆராய்ச்சி இஸ்பேடு ராணிவரை முன்னேறியபோது வாசல் மணி அடித்தது.

ஜெயா. அவளுக்குப் பின்னால் பட்டுப்புடவையும் பளபளக்கும் முகமுமாகச் சாருலதா. அவளுக்கும் பின்னால், கையில் கறுப்பு ரெக்ஸின் உறையோடு வேங்கடவரதன்.

“ஏன்னா, மாடல் கிடைச்சுதா?”

“இன்னும் கொஞ்சம் பாக்கி...”

ஜெயா லேப்டாப்பை மூடினாள். அப்பளம் மாதிரி திருப்பிப் போட்டாள். அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் கொட்டை எழுத்தில் மாடல் நம்பர்.

“நேத்திக்கு மேஜை துடைக்கறச்சே பார்த்தேன். அக்காவுக்கு போன் பண்ணிப் படிச்சுக் காட்டினேன். அமெரிக்காலேர்ந்து அவ பிள்ளை அத்திம்பேருக்கு அனுப்பினதும் இதே மாடலாம். உறை ரெண்டா அனுப்பிச்சிருக்கான்.”

உறையை மாட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை. என் கல்யாணச் சட்டைகூட எனக்கு அப்படிப் பொருந்தியதில்லை.

“பேஷ்! வேலை முடிஞ்சுது. நான் கொஞ்சம் படுக்கறேன்.”

“படுக்கறதாவது! நாள் பூரா ஒதுக்கியிருக்கேளே. ஒரே மாடல்னதும், எல்லாத்தையும் சொல்லித்தரேன்னு அத்திம்பேர் ஆசையா வந்திருக்கார்.”

அத்திம்பேர் அதற்குள் என் நாற்காலியில் உட்கார்ந்து செருமிக்கொண்டார். “ஓய் பத்ரி, இந்த மெஷின் வந்திறங்கின அன்னிக்குத்தான் எனக்கு முதமுதல்ல வலி எடுத்தது.”

கீழேயிருந்து ஆட்டோக்காரர் கூப்பிட்டார். “இன்னாம்மா, பாண்டி பஜார்னு சொல்ட்டு இங்கியே நின்னுக்கினு கீறீங்க?”

“ஜெயா! நீ எங்கே கிளம்பறே?”

“அக்காவோட பாண்டி பஜார். அப்படியே ஒரு சினிமா.”

“இவரை இங்கேயே விட்டுட்டா?”

ஜெயா செருப்பை மாட்டிக்கொண்டாள். பாதி மாடிப்படி இறங்கிவிட்ட சாருலதாதான் திரும்பி, கண்கலங்க என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“நன்னாயிருப்பேள் பத்ரி! அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு ஆபீஸ்ல ஒரு பிரிண்டர் கேட்டுப் பாருங்கோளேன்!”