நாய் விண்வெளிக்குப் போன ஆண்டு

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்பைப் பொறுத்தவரை நலம். மாப்பிள்ளையின் முட்டிவலி குறைந்ததா, பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று மறக்காமல் எழுது. இங்கே வேறு விசேஷம் இல்லை. உன் அண்ணி என்னோடு பேசி ஒரு வாரம் ஆகப்போகிறது.

எல்லாம் எங்கள் தெரு நூலகத்தில் நடந்த பொது அறிவுப் போட்டியால் வந்த வினை. ‘ஐம்பதுகளில் உலகம்’ என்று தலைப்பு. ஓய்வு பெற்றவர்கள் மட்டும், இருவர் இருவராக. உன் அண்ணி மாதக்கணக்கில் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழியும், இவள் எவரெஸ்ட் உச்சியில் நிற்பாள். "சீக்கிரம் சொல்லுங்க, அதுல முதல்ல ஏறினது எந்த வருஷம்?" என்று காய் நறுக்கும் கத்தியோடு வந்து கேட்டால் யாருக்குத்தான் பதில் வரும்? கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டு, வீட்டில் அனுப்பாமல் விட்டவள் அவள். நாலு பேர் முன்னால் உட்கார்ந்து சரியான பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு விளையாட்டில்லை. எனக்கும் அது தெரியும்.

எங்கள் நூலகர் ரசனைக்காரர். அந்தக் காலம் மாதிரியே இருக்கட்டும் என்று மேஜைக்கு ஒரு கறுப்பு டெலிபோனை வைத்து, பொத்தானை அழுத்தினால் அது மணியடிக்கும்படி செய்துவிட்டார். எந்த மேஜையில் மணி அடிக்கிறதோ அவர்கள்தான் பேச வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறந்தால் ஆட்டத்தை விட்டு வெளியே. நானோ ஆயுளில் பாதியை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுத்தே கழித்தவன். முதல் சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டேன், அடுத்த சுற்றில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன், கடைசிச் சுற்றில் நாங்களும் எதிர் மேஜை பூகோள வாத்தியாரும் சரிசமமாக நிற்கிறோம், நூலகர், "பூமியைச் சுத்தி வந்த முதல் நாய் எந்த வருஷம் போச்சு?" என்கிறார், உன் அண்ணியின் விரல் பொத்தானைத் தொடுவதற்குள் வாத்தியாரின் டெலிபோன் அலறுகிறது, நான் நிமிர்ந்து உட்கார்ந்து கூடம் முழுக்கக் கேட்கும்படி, "வணக்கம், எந்த நம்பர் வேணும்?" என்கிறேன்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிரித்த சிரிப்பில் வாத்தியார் பதிலைத் தப்பாகச் சொன்னார். அடுத்து எங்களுக்கு வரவேண்டிய கேள்வி, ஆனால் நாங்கள்தான் ஆட்டத்திலேயே இல்லையே. 1959 என்ற பதில் உன் அண்ணியின் நுனிநாக்கில் நின்றது. அதை அப்படியே விழுங்கிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து காபி வருகிறது, சாப்பாடு வருகிறது, பேச்சு மட்டும் வருவதில்லை. "தப்புதாம்மா, ஏதோ பழக்கதோஷம்" என்றால் சுவரைப் பார்க்கிறாள். ரேடியோவை அணைத்துவிட்டால் வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது. திட்டினாலாவது குரல் கேட்கும். ஆகவே நீ வந்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அவளைச் சமாதானப்படுத்து. முடியாதென்றால் உன் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் போட்டு வை.

மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு, நீடூழி வாழுங்கள்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் மேஜைமேல் விட்டுவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அண்ணி மூக்குக்கண்ணாடியோடு வாசலில் நிற்கிறாள். "அம்பத்தொம்பதா? அம்பத்தேழுங்க! நான் அம்பத்தொம்பதுன்னு சொல்லியிருப்பேன்னு உங்க தங்கச்சி நினைச்சா என் மானம் என்ன ஆகிறது?" என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை, இப்போதுதான் எவரெஸ்ட் அடிவாரத்துக்கு வந்திருக்கிறாள். ஆகவே நீ வரவேண்டாம், கட்டிலும் வேண்டாம். அந்த நாய் மேலே போன செய்தி வந்த அன்று ஊரே ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசியது. இணைப்புக் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துபோனது. ஐம்பத்தேழு என்று எனக்குத் தெரியாதா? உன் அண்ணியிடம் மட்டும் மூச்சு விடாதே.