ஈரல் கேட்ட ஆத்தா

ஊரில் எல்லோருக்கும் காமாலை உடம்பில் வரும். எங்கள் விடுதியில் 'காமாலை' என்று பட்டப்பெயர் வாங்கிய நண்பனுக்கு மட்டும் அது வாயில் வந்தது.

எழுபதுகளில் மருத்துவ மாணவர்களான நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் தொண்டுக்குப் போவோம். சரியாகக் கொதிக்க வைக்காத ஊசியால் ரத்தத்தில் ஒருவகை மஞ்சள்காமாலை பரவும், ஈரலையே கெடுக்கும் என்று ஜனங்களுக்குச் சொல்வது வேலை. காமாலை அதைச் சாப்பாட்டு நேரத்திலும் செய்வான். சாம்பார் ஊற்ற வந்தவரின் கண்ணிமையை, மஞ்சள் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். சாம்பார் என் மடியில்.

பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்தில் ஒரு கம்பவுண்டர். ஒரே ஊசி, வரிசையாக இருபது கை. நாங்கள் கொடுத்த நோட்டீஸில் ஜனங்கள் மீன் கட்டினார்கள்.

"பேசிப் பிரயோஜனமில்ல மச்சி, கண்ணால காட்டணும்" என்றான் காமாலை. அடுத்த ஞாயிறு உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, நோயாளி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்பத்தில் தள்ளாடினான்.

மீன்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கினாள். "ஏ, ஆத்தா வந்துகீறாடீ! தண்ணி கொண்டாங்க!"

குடம் குடமாகத் தலையில் தண்ணீர். கையில் வேப்பிலை.

"ஐயோ, ஆத்தா இல்லம்மா! ஈரல்! ஈரல்!"

"ஆத்தா ஈரல் கேக்குதுடீ! கசாப்புக் கடைக்கு ஓடு!"

காமாலை சுத்த சைவம். மஞ்சளையும் மீறி முகம் வெளுத்தது.

அதற்குள் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். "புள்ளைக்கு மூணு நாளா ஜொரம். ஊசி போட இட்டுகினு போய்க்கினு கீறேன். வாக்கு சொல்லு ஆத்தா."

காமாலை குழந்தையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சட்டென்று தலையைச் சுழற்றி ஓர் ஆட்டம் போட்டான்.

"கொதிக்க வை! ஊசியையும் சிரிஞ்சையும் இருபது நிமிஷம் கொதிக்க வை! ஒவ்வொரு ஆளுக்கும் கொதிக்க வை!"

குப்பமே கம்பவுண்டர் வாசலில் நின்றது. "இன்னாய்யா பாத்துகினு கீறே? ஆத்தா சொல்லிச்சில்ல? அடுப்பைப் பத்த வையி!"

பத்த வைத்தார். பெண்கள் இருபது நிமிஷமும் நகரவில்லை. ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டது, காமாலையும் அழுதுவிட்டான். பிறகு எந்த ஞாயிறு போனாலும் அங்கே பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் மஞ்சளும் ஈரமுமாயிருந்த அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

"ஏமாத்திட்டேனாடா?" என்றான்.

"ஊசி விஷயம் உண்மைதானேடா" என்றேன்.

என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். என் வெள்ளைச் சட்டையில் ஒட்டிய மஞ்சள் எத்தனை சலவைக்கும் போகவில்லை. அந்தச் சட்டையைத் தூக்கிப்போட எனக்கும் மனம் வரவில்லை.